பிளினி தாத்தாவும் மிளகுப் பாஸ்தாவும்

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சுகர், பென்ஷன் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சாப்பாட்டில் வந்து நிற்கும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நம்ம சாப்பாடே பிடிப்பதில்லை" என்பதுதான் பல்லவி. போன மாதம் என் பேத்தி முதல் சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில், சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் உள்ள இத்தாலிய உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போனாள். மெனு கார்டைப் பார்த்ததுமே என் மைத்துனர், "அந்நியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு காசா? இட்லி இருக்குமா கேள்" என்றார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

எனக்கு வந்தது 'காச்சோ எ பெப்பே'. ரோம் நகரத்துப் பதார்த்தம். பாஸ்தா, ஆட்டுப்பால் சீஸ், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, அவ்வளவுதான். "மச்சான், இதில் இருக்கிற காரம் நம்ம பக்கத்துச் சரக்கு, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்" என்று தட்டை நகர்த்தினேன். சாப்பிட்டார். அங்கே விவரமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. அவர் வெனிஸ் திரும்பியது 1295ல். ஆனால் 1154லேயே அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர், சிசிலியில் மாவு இழைகள் செய்து கப்பலில் ஏற்றுமதி செய்வதை எழுதிவிட்டார். மார்க்கோ போலோவுக்கும் நமக்கும் உள்ள உறவு வேறு. நம் காயல் துறைமுகத்தைப் பற்றித் தன் நூலில் சொல்லியிருக்கிறார்.

இத்தாலிக்கும் நமக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அவருக்கும் 1200 ஆண்டுகள் முந்தையது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணிச் சிவப்புத் தட்டுகளும் மது ஜாடிகளும் கிடைத்தன. ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஜாடிகளும் அங்கே உண்டு. ஆக, அந்த மண்ணில் இத்தாலியச் சாப்பாடு 2000 ஆண்டுப் பழசு!

பதிலுக்கு இங்கிருந்து போனது மிளகு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு முசிறியை வைத்துச் சொல்கிறது. ரோமில் இதைப் பார்த்துப் பொருமியவர் பிளினி. கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். கறுப்பு மிளகு ராத்தல் 4 தினாரியஸ் விற்கிறது, அதில் இனிப்பும் இல்லை, அழகும் இல்லை, வெறும் காரத்துக்காக இந்தியா வரை போகிறார்களே என்று எழுதிவைத்தார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்றும் கணக்குச் சொன்னார். அதாவது, அந்நியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு காசா என்று அன்று நம் மிளகைப் பார்த்துக் கேட்டிருக்கிறார் ஒரு ரோமாபுரிப் பெரியவர்!

இன்னொன்று. இத்தாலியர் தங்களுடையது என்று கொண்டாடும் தக்காளி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் அங்கே போனது. பாஸ்தாவோடு அது சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். நமக்கும் அப்படியே. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாமே கடல் தாண்டி வந்தவை. சந்தேகம் இருந்தால் திவசச் சமையலைப் பாருங்கள். பல வீடுகளில் அன்றைக்குத் தக்காளி, மிளகாய் உள்ளே வராது. காரத்துக்கு மிளகுதான். சரித்திரப் புத்தகம் சொல்வதை நம் பாட்டிமார் அடுப்படியிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பிளினி பொருமினார், ரோமின் பிள்ளைகள் மிளகை விடவில்லை. அதனால்தான் இன்றும் அந்த ஊர்த் தட்டில் அது இருக்கிறது. நம் பிள்ளைகள் பாஸ்தா சாப்பிட்டால் ரசம் அழிந்துவிடாது. அவர்கள் கூப்பிட்டால் போய்வாருங்கள். விலையை மட்டும் பார்க்காதீர்கள், பி.பி. ஏறிவிடும்.