லினக்ஸில் தமிழ் - ஆங்கிலம் மாற்ற எந்த ஷார்ட்கட் பெஸ்ட்? செட் செய்வது எப்படி?

டெர்மினலில் பாஸ்வேர்டு கேட்கிறது. சரியாகத்தான் அடிக்கிறோம். ஆனால் 'தவறு' என்கிறது. மறுபடியும் அடித்தாலும் அதே பதில். அங்கே அடிக்கும் எழுத்து திரையில் தெரியாது என்பதால் என்ன நடக்கிறது என்றும் புரியாது. கடைசியில் பார்த்தால் கீபோர்டு தமிழில் இருந்திருக்கும்!

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து டைப் செய்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. மொழி மாற்றும் ஷார்ட்கட்டை செட் செய்ய 2 நிமிடம் போதும். ஆனால் எந்த கீயைத் தேர்வு செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் எந்தத் தமிழ்?

ஷார்ட்கட்டுக்கு முன்னால் சரியான தமிழ் கீபோர்டைச் சேர்க்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். லினக்ஸில் தமிழ் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சாதாரண லேஅவுட். ஒரு கீயை அழுத்தினால் அதற்கு உரிய எழுத்து வரும், அவ்வளவுதான். இன்னொன்று, ஐபஸ் என்ற மென்பொருள் வழியாக வரும் கீபோர்டு. இது முன்னால் என்ன அடித்தோம் என்பதையும் பார்த்து எழுத்தை அமைக்கும்.

1999ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 முறைக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். அதில் எச் கீ 'க', எஸ் கீ 'இ'. இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் 'கி' வர வேண்டும். 'க'வை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆக வேண்டும். சாதாரண லேஅவுட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

எனவே, உபுண்டு போன்ற க்னோம் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் 'ஐபஸ்-எம்17என்' என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்துவிட்டு, ஒருமுறை லாக்அவுட் ஆகி உள்ளே வர வேண்டும். பிறகு செட்டிங்ஸ் - கீபோர்டு - இன்புட் சோர்சஸ் போய் பிளஸ் குறியை அழுத்தினால் பட்டியல் வரும். அதில் தமிழ் காணவில்லை என்றால் மூன்று புள்ளியைத் தட்டி 'அதர்' என்பதில் தேடலாம். தமிழ்99, ஆங்கில உச்சரிப்பில் அடிக்கும் பொனடிக் என எல்லாமே 'எம்17என்' என்ற அடையாளத்தோடு இருக்கும். ஆங்கிலத்தை பட்டியலில் முதலிலேயே விட்டுவிடுங்கள். காப்பி, பேஸ்ட் போன்ற ஷார்ட்கட்கள் தகராறு செய்யாமல் இருக்க அதுதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே ஒரு ஷார்ட்கட் இருக்கு!

க்னோமில் சூப்பர் + ஸ்பேஸ் அழுத்தினாலே மொழி மாறும். சூப்பர் என்பது விண்டோஸ் லோகோ போட்ட அதே கீதான். விண்டோஸிலும் இதே ஷார்ட்கட் இருப்பதால் பழகுவதும் சுலபம். மூன்று, நான்கு கீபோர்டு வைத்திருந்தாலும் ஒருமுறை அழுத்திவிட்டால் கடைசியாகப் பயன்படுத்திய இரண்டுக்குள்தான் மாறும். மற்றவை வேண்டுமென்றால் சூப்பரை விடாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேஸைத் தட்ட வேண்டும்.

இது பிடிக்கவில்லையா? செட்டிங்ஸ் - கீபோர்டு பகுதியில் ஷார்ட்கட்களை மாற்றும் இடத்துக்குப் போய், 'டைப்பிங்' என்பதைத் திறந்தால் புதிய கீயைக் கொடுக்கலாம். ஆனால் பழைய பழக்கத்தில் ஆல்ட் + ஷிஃப்ட் என்று மட்டும் கொடுத்தால் அது ஏற்காது. கூடவே வேறொரு கீயும் வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதற்கு க்னோம் ட்வீக்ஸ் என்ற ஆப்பை இன்ஸ்டால் செய்து, கீபோர்டு - அடிஷனல் லேஅவுட் ஆப்ஷன்ஸ் - 'ஸ்விட்சிங் டு அனதர் லேஅவுட்' என்ற வரிசையில் டிக் செய்ய வேண்டும்.

ஆல்ட் + ஷிஃப்ட் ஏன் வேண்டாம்?

அந்த வரிசையில் ஏகப்பட்ட ஆப்ஷன் இருக்கும். பார்த்ததும் ஆல்ட் + ஷிஃப்ட்டையோ கன்ட்ரோல் + ஷிஃப்ட்டையோ டிக் செய்யத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். டெர்மினலில் காப்பி செய்ய கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. பிரவுசரில் மூடிய டேபைத் திறக்க கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. விண்டோக்களைப் பின்னோக்கி மாற்ற ஆல்ட் + ஷிஃப்ட் + டேப். இவற்றை அழுத்தப் போகும்போது நடுவிலேயே மொழி மாறிவிட வாய்ப்பு அதிகம். கேட்காமலே தமிழுக்குப் போய்விடும் கீபோர்டால்தான் பாஸ்வேர்டு பிரச்னையே வருகிறது.

அதே வரிசையில் இருக்கும் கேப்ஸ் லாக் நல்ல தேர்வு. ஒரே கீ, இடது சுண்டு விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வேறு ஷார்ட்கட்டோடு மோதாது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததால் பெரிய இழப்பும் இல்லை. முழுக்க கேபிட்டல் எழுத்தில் அடிக்கும் வேலை இருப்பவர்கள் மட்டும் ரைட் ஆல்ட்டைப் பார்க்கலாம்.

கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ வைத்திருந்தால்?

கேடிஇ பிளாஸ்மாவில் மெட்டா + ஆல்ட் + கே தான் வழக்கமான ஷார்ட்கட். மெட்டா என்றாலும் அதே விண்டோஸ் கீதான், பெயர்தான் வேறு. சிஸ்டம் செட்டிங்ஸ் - கீபோர்டு - லேஅவுட்ஸ் பகுதியில் இதை மாற்றலாம். எக்ஸ்எஃப்சிஇயில் கீபோர்டு செட்டிங்ஸின் லேஅவுட் டேபில், 'சிஸ்டம் டிஃபால்ட்' என்ற டிக்கை எடுத்தால்தான் மாற்றவே விடும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. இந்த டெஸ்க்டாப்களில் ஐபஸ் வழியாகத் தமிழ் அடித்தால் மேலே சொன்ன ஷார்ட்கட் வேலை செய்யாது. அது சாதாரண லேஅவுட்டை மட்டுமே மாற்றும். ஐபஸ் பிரிஃபரன்சஸைத் திறந்து 'நெக்ஸ்ட் இன்புட் மெத்தட்' ஷார்ட்கட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உயிர்மெய்க் குறிகளுக்குத் தனிக் கீ உள்ள இன்ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்கு ஐபஸ் தேவையில்லை. சாதாரண லேஅவுட்டே போதும். அவர்களுக்கு ஒரு போனஸும் இருக்கு. கேப்ஸ் லாக் அழுத்தினால் எப்போதும் முதல் மொழி, ஷிஃப்ட் + கேப்ஸ் லாக் அழுத்தினால் எப்போதும் இரண்டாவது மொழி என்று செட் செய்யும் ஆப்ஷன் இந்த டெஸ்க்டாப்களில் கிடைக்கும். இப்போது எதில் இருக்கிறோம் என்று யோசிக்கவே வேண்டாம். கேப்ஸ் லாக் அழுத்திவிட்டு பாஸ்வேர்டை அடிக்கலாம்.

பழைய டிப்ஸ் ஏன் வேலை செய்வதில்லை?

'செட்எக்ஸ்கேபிமேப்' என்ற கமாண்டை அடிக்கச் சொல்லும் பழைய வழிமுறைகள் நிறைய சுற்றுகின்றன. அது எக்ஸ்11 காலத்து முறை. உபுண்டு 22.04, 24.04 போன்றவை வழக்கமாக வேலேண்டில் இயங்குவதால் அங்கே அது பலிக்காது. எக்ஸ்11லும் லாக்அவுட் ஆனால் போய்விடும்.

மொழி மாற்றிக் களைத்துப் போனவர்களுக்கு இன்னொரு வழி, க்னோமின் இன்புட் சோர்சஸ் பகுதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி மொழி என்று தேர்வு செய்துவிட்டால், ரைட்டரில் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெர்மினல் ஆங்கிலத்திலேயே நிற்கும். அப்படியும் பாஸ்வேர்டு 'தவறு' என்று வந்தால், புதிதாக மாற்றக் கிளம்பும் முன் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். 'இஎன்' இருக்கிறதா, 'டிஏ' இருக்கிறதா என்று அங்கே தெரியும்.