தோலுக்குள் முப்புரி

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன். உலகெங்கும் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் அப்பெயரை அறிவர். கீரனூர்க் கடைத்தெருவிலே கேட்டுப் பாருங்கள், திரையிலே வாள் சுழற்றிய ராமச்சந்திரனைத்தான் சொல்வர்!

1952-இல், முப்பது வயது இளைஞரான அவரைச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக்கினார் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். அங்கு வந்த ஆங்கில நாட்டு அறிஞர் பெர்னால், கொலாஜன் எனும் புரதத்தின் அமைப்பு இன்னும் புலப்படவில்லையே என்றார். தோல், எலும்பு, தசைநாண் அனைத்துக்கும் உறுதி தரும் பொருள் அது. ஆராய்வதற்கு அதனை எங்கே பெறுவது? அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலே!

தோல்! தொட்டால் தீட்டு என்று சாத்திரம் ஒதுக்கிய பொருள். அதனை உரித்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலே ஊறவைத்துப் பதனிட்டவனை ஊருக்கு வெளியே நிறுத்தினர்; அவன் தைத்த செருப்பை மட்டும் காலிலே மாட்டிக்கொண்டனர். கொலாஜன் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காப்பதே பதனிடல். பெயரறியாமலே அந்த இரசாயனத்தைக் கையாண்டவன் அவன்.

கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரால் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் கூடி 1954-இல் விடை கண்டார் ராமச்சந்திரன். மூன்று இழைகள், ஒன்றையொன்று தழுவி முறுக்கிய முப்புரி! மார்பிலே பூண்டால் மேன்மை என்றனரே முப்புரி நூல், அதையல்ல நான் குறிப்பது. பறையனென்றும் பார்ப்பனனென்றும் பாராமல் ஒவ்வொருவர் தோலிலும் இயற்கை திரித்து வைத்த முப்புரி இது. மாட்டுத் தோலிலும் உண்டு!

பேராசிரியர் நம் இயக்கத்தவரல்லர். தத்துவ விசாரத்திலே நாட்டமுடையவர். ஆயினும் ஆய்வுக்கூடத்திலே அவர் நடந்த நெறி பகுத்தறிவு நெறியே. அவர் காட்டிய அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று 1955-இல் மறுத்தனர் ரிச்சும் கிரிக்கும். முன்னோர் வாக்கைத் துணைக்கழைக்கவில்லை அவர். அணுக்கள் எவ்வளவு நெருங்கக்கூடும் என்று அளவுகளைத் திரட்டிக் கணக்கிடத் தொடங்கினார். சசிசேகரன், ராமகிருஷ்ணன் எனும் மாணவர் இருவர் துணைநின்றனர். 1963-இல் வெளிவந்தது ‘ராமச்சந்திரன் வரைபடம்’. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. எந்த நாட்டு ஆய்வுக்கூடம் புதிய புரதத்தின் அமைப்பை வரைந்தாலும், சென்னையிலே பிறந்த அந்தப் படத்தில் வைத்தே இன்றும் சரிபார்க்கின்றனர்.