லாரிக்கு அடியிலிருந்து ஓர் அரிவாள்

மதுரை தெப்பக்குளத்தைத் தாண்டி இராமநாதபுரம் சாலையைப் பிடித்தால் விரகனூர், சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம் என்று வரிசையாக வரும். சுமார் 30 கிலோமீட்டரில் திருப்பாச்சேத்தி. ஊர்ப் பெயரைச் சொன்னதும் கேட்பவர் வாயில் அடுத்து வருவது ‘அருவா’தான். 2005-இல் ‘திருப்பாச்சி’ என்று படமே வந்தது. அரிவாள் என்றாலே வெட்டுக்குத்து என்ற எண்ணத்தைச் சினிமா நாடு முழுக்கப் பரப்பிவிட்டதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. இந்தப் பக்கத்து அரிவாள் சீமைக் கருவேலத்தை வெட்டவும், தென்னை மட்டை கழிக்கவும், இளநீர் சீவவும் பிறந்தது. அதற்கு மேல் கருப்பசாமிக்கு. நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள் அடிக்கச் சொல்லி, கோயிலில் கொண்டுபோய் நட்டுவிட்டு வருவார்கள்.

அந்த அரிவாளின் கதை லாரிக்கு அடியில் தொடங்குகிறது.

லாரியின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே அடுக்கடுக்காக வளைந்து கிடப்பதைப் பட்டை என்பார்கள். பாரம் ஏறும்போது வளைய வேண்டும். இறங்கியதும் பழைய வளைவுக்கே திரும்ப வேண்டும். கட்டடக் கம்பி அப்படிச் செய்யாது, வளைத்தால் வளைந்தபடி நிற்கும். அதனால் பட்டைக்கென்று தனிக் கலவை உருக்கு வந்தது. நூறு கிலோவில் அரைக் கிலோவோ சற்று மேலோ கார்பன் இருக்கும். ஒரு வகையில் அதோடு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை சிலிக்கனும், ஒரு கிலோவுக்கு நெருக்கமாக மாங்கனீசும் சேர்ப்பார்கள். இன்னொரு வகையில் ஒரு கிலோ அளவுக்குக் குரோமியமும், நூறு இருநூறு கிராம் வனேடியமும். இவ்வளவு கொஞ்சம் சேர்ப்பதால் என்ன ஆகும் என்றால், சூடான உருக்கு உள்ளுக்குள் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் வேகம் குறைகிறது. தண்ணீரில் போட்டு அதிரடியாகக் குளிர்விக்க வேண்டியதில்லை, எண்ணெயில் அமுக்கினாலே நடுப்பகுதி வரை கடினமாகிவிடும். ஆலையில் 850 டிகிரிக்கு மேல் சூடேற்றி எண்ணெயில் இறக்கி, பிறகு 400 முதல் 500 டிகிரி வரை மறுபடி சூடுகாட்டுவார்கள். முதல் வேலை கடினத்தைத் தருகிறது. இரண்டாவது, கண்ணாடிபோல் நொறுங்காமல் காக்கிறது.

இந்தக் கலவை யோசனையின் வேரைத் தேடிப்போனால், அது நம் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் திருவண்ணாமலை பக்கத்து மேல்சிறுவளூரிலும் மூசைகளில் இரும்பை உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. இத்தகைய தென்னிந்திய உருக்கை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று அழைத்தார்கள். உருக்கு, உக்கு என்ற நம் சொற்களின் திரிபே அது என்பது பரவலான கருத்து. 1819-இல் லண்டனில் அதைச் சோதித்துப் பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தால் பெயர் பெற்ற அதே ஃபாரடேதான். ஒரு கொல்லரின் மகன். அதில் கலந்திருக்கும் அலுமினாவும் சிலிக்காவுமே உறுதிக்குக் காரணம் என்று அவர் கணித்தது தவறு. ஆனால் அந்தத் தவறு பலன் தந்தது. வேறு எதைக் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து பிளாட்டினம், வெள்ளி, நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாக உருக்கில் கலந்து பார்த்தார். கலவை உருக்கை முறைப்படி ஆராய்ந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. 1882-இல் மாங்கனீசு உருக்கைக் கண்ட ராபர்ட் ஹாட்ஃபீல்டு, பின்னாளில் ஃபாரடேயின் அந்தப் பழைய துண்டுகளைத் தேடியெடுத்து ஆராய்ந்தார். 1908-இல் ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் வனேடியம் உருக்கோடு வந்தது. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். வண்டி வந்தால் பட்டை வரும், பட்டை தளர்ந்தாலோ ஒடிந்தாலோ பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கே அதைக் கண்ட ஆசாரிக்கு அதன் பெயரோ கலவையோ தெரிய வேண்டியதில்லை. அரத்தை வைத்து ஒரு இழுப்பு, சம்மட்டியால் ஒரு தட்டு. அது சாதாரண இரும்பு இல்லை என்று கைக்குத் தெரிந்துவிடும்.

பட்டறையில் முதல் வேலை, பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. வருடக்கணக்கில் அதிர்ந்த இரும்பு அது. விரிசலை விட்டுவிட்டால் ஓங்கி வெட்டும்போது அங்கேதான் முறியும். பிறகு உலை. துருத்தியின் இடத்தில் இன்று மின்விசிறி ஊதுகிறது; கரி பழைய கரிதான். பட்டை ஆரஞ்சு நிறம் தாண்டியதும் குறட்டால் எடுத்துப் பட்டடையில் வைக்க, சம்மட்டி மாறி மாறி விழும். ஆலை கொடுத்த பதம் அந்த நெருப்பில் முழுவதும் போய்விடுகிறது. பட்டை வெறும் இரும்பாகித் திரும்பப் பிறக்கிறது. மூக்கு வளைந்து, முதுகு தடித்து, வாய் மெலிந்து அரிவாள் உருவம் வரும்.

அதற்குப் பிறகுதான் தோய்ச்சல். இதைத்தான் நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். வாய்ப்பகுதியை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். பழுத்த இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும். தோய்ச்சல் சூடு அதற்கும் சற்று மேலே. ஆசாரி காந்தம் வைத்துப் பார்ப்பதில்லை. நிறம் பார்க்கிறார். வெயிலில் சிவப்பு ஏமாற்றும் என்பதால் உலை நிழலில் இருக்கும். வாயை மட்டும் தோய்த்து எடுத்தால் முதுகில் சூடு மிச்சமிருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய வாயை நோக்கி அந்தச் சூடு மெல்ல நகரும். முதலில் வைக்கோல் மஞ்சள், 220 டிகிரி சொச்சம். அடுத்து பழுப்பு. 280-ஐ ஒட்டிக் கத்தரிப்பூ நிறம். 300-இல் நீலம். அதிரசப் பாகைப்போல, வேண்டிய பதத்தில் நிறுத்தியாக வேண்டும். முன்னாலேயே நிறுத்தினால் கருவேல முண்டில் வாய் தெறிக்கும், விட்டுவிட்டால் மழுங்கும். நிறம் ஓடும் அந்தச் சில நொடிகளுக்குள் மறுபடி தோய்த்துச் சூட்டை அடக்க வேண்டும்.

மதுரைக்குத் தெற்கே ஆவியூர்ப் பக்கம் சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆலை இருக்கிறது. வண்டிகளுக்கான போல்ட்டுகளில் தலையில் 10.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் இதே வழியில்தான் பதமாகின்றன: சூடேற்றல், தோய்த்தல், திரும்பச் சூடுகாட்டல். ஒரு சதுர மில்லிமீட்டர் சுமார் நூறு கிலோ இழுவையைத் தாங்கும் என்பதை அந்த 10 சொல்கிறது. ஆலையில் வெப்பமானி பார்த்துச் சொல்வதைத் திருப்பாச்சேத்தியில் கண் சொல்கிறது. கண்ணுக்கு நான் எந்த வகையிலும் குறைந்த மதிப்பு தரமாட்டேன்.

அரிவாள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய் மழுங்கினால் தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுங்கள், அல்லது அரத்தால் ராவுங்கள். அவசரத்தில் மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயோரம் நீலம் ஏறினால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, தோய்ச்சல் போய்விட்டது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அங்கே வாய் நிற்காது. தூக்கிப் போட வேண்டாம், பட்டறைக்கே திரும்பக் கொண்டு போங்கள்.