மரத்துக்குத் தெரிஞ்ச தண்ணிக் கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ ஆறு பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். ஏழு மாநிலம் கூடி உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு பங்கு பிரிச்ச ஆறு. அப்புறம் ஏன் நூறு வருஷமா பஞ்சாயத்து ஓயலை? பதில் வக்கீல்கள்கிட்ட இல்லைங்க, மரத்துல இருக்கு.

1922 நவம்பர் 24. நியூ மெக்சிகோவில் சாண்டா ஃபே பக்கத்துல ஒப்பந்தம். தலைமை ஹெர்பர்ட் ஹூவர் (பின்னாடி ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்). மேல்பகுதி மாநிலங்களுக்கு வருஷத்துக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதிக்கும் அதே. நமக்குப் பழகின டி.எம்.சி.யில் சொன்னா ஆளுக்கு சுமார் 327. 1944ல் மெக்சிகோவுக்கு இன்னொரு 65. ஆக, 719 டி.எம்.சி.யை எழுதிக் கொடுத்தாச்சு.

அவ்வளவு தண்ணி வருமா? 1922ல் அவங்க கையில இருந்தது சுமார் இருபது வருஷ அளவுதான். இ.சி. லாரூ என்ற அரசாங்க நீரியல் நிபுணர், பாசனத்துக்கு ஏத்த நிலம் எல்லாத்துக்கும் இந்த ஆறு பத்தாதுன்னு 1916லேயே எழுதியிருந்தார். யார் காதிலும் விழலை.

இப்ப மரத்துக்கு வருவோம். ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் ஒரு வானியல்காரர். சூரியப் புள்ளிகள் கூடிக் குறையறது பூமியில மழையைப் பாதிக்குதான்னு பார்க்கணும், ஆனா பழைய மழைக் கணக்கு கிடையாது. அரிசோனாவில் வெட்டிப் போட்ட பைன் மரத்துண்டுகளைப் பார்த்தார். வருஷத்துக்கு ஒரு வளையம். நல்ல மழைன்னா தடிப்பு, வறட்சின்னா மெலிசு. வெறுமனே எண்ணினா ஏமாந்துடுவோம், சில மோசமான வருஷத்துல வளையமே விழாது. அதனால தடிப்பு-மெலிசு வரிசையை ஒரு மரத்தோட இன்னொரு மரத்தைப் பொருத்திப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். பழைய வீட்டு உத்தரத்தைக்கூட இப்படிக் கோக்கலாம். 1929ல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த ஒரு கருகின உத்தரம்தான் அறுந்து கிடந்த வரிசையைச் சேர்த்து வச்சது. 1276லிருந்து 1299 வரை ஒரு பெரும் வறட்சி இருந்ததும் இப்படித்தான் தெரிஞ்சது. (சூரியப் புள்ளி விவகாரம் கடைசி வரை அவர் நினைச்ச மாதிரி நிரூபணம் ஆகலை, பாவம் :-))

சரி, மேட்டுல நிக்கற மரம் ஆத்துத் தண்ணியைக் குடிக்கலையே, அது எப்படி ஆத்துக்கு சாட்சி சொல்லும்? இங்கதான் விஷயமே. மலையில் உருகும் அதே பனிதான் மரத்தோட வேருக்கும் போகுது, ஆத்துக்கும் போகுது. கரையோர மரம் இதுக்கு உதவாது, அதுக்கு எந்த வருஷமும் தாகம் இல்லை. வறண்ட சரிவுல கஷ்டப்படற மரம்தான் வேணும். கையால திருகற துளைகருவியால பென்சில் பருமனுக்கு ஒரு குச்சி எடுப்பாங்க, மரம் சாகாது. ஆத்தை அளந்த வருஷங்களோட வளையத்தைப் பொருத்தி ஒரு வாய்ப்பாடு போட்டு, அதை வச்சு அளக்காத காலத்துக்குப் பின்னோக்கிப் போறது.

சார்ல்ஸ் ஸ்டாக்டனும் கார்டன் ஜேக்கபியும் 1976ல் இதை வெளியிட்டாங்க. கொலராடோவின் நீண்ட கால சராசரி 135 லட்சம் ஏக்கர் அடி, அதாவது 588 டி.எம்.சி. எழுதிக் கொடுத்ததோ 719! அதைவிடக் கொடுமை, 1900களின் ஆரம்பம் பல நூறு வருஷத்துலயே ரொம்ப ஈரமான காலமாம். பிற்கால ஆய்வுகள் சராசரியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் 1922 கணக்கை எட்டலை. கல்யாண வீட்டுச் சமையலைப் பார்த்துட்டு மாச பட்ஜெட் போட்ட கதைதான்.

2007ல் டேவிட் மீக்கோ குழு கி.பி. 762 வரை போனாங்க. 1100களின் நடுவில், அளவீட்டுக் காலத்துல எவருமே பார்க்காத நீண்ட வறட்சி. இந்த மாதிரி வளையங்களை வச்சே 2022ல் வந்த இன்னொரு ஆய்வு, தென்மேற்கு வட அமெரிக்காவில் 2000-2021 தான் கி.பி. 800க்கு அப்புறம் மிக வறண்ட 22 வருஷம்னு சொல்லிச்சு. அந்த ஜூலையில் ஹூவர் அணையின் மீட் ஏரி, 1930களில் நிரப்பினதிலிருந்து இல்லாத அளவுக்கு இறங்கிச்சு. ஒப்பந்தத்துல அந்த 75 லட்சம் மட்டும் அப்படியேதான் இருக்கு.