மனுமுறைகண்ட வாசகம்: வடலூர் வள்ளல் படித்த விதம்

எழுதுகிறவரின் வாசிப்பு அவரை எப்படி ஆக்குகிறது என்ற பொருளில் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் அன்போடு கேட்டார்கள். நெய்வேலியில் இருந்துகொண்டு இதை எழுத உட்கார்ந்தால் என் மனம் வடலூரைத் தாண்டிப் போவதில்லை. தைப்பூசச் சோதியையும் அணையா அடுப்பையும் இவ்வூர்க்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாடிய பயிரைப் பற்றிய பாட்டு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆகவே இராமலிங்க அடிகள் எப்படிப்பட்ட வாசகர் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் சபாபதிப் பிள்ளை சென்னையில் புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தை நடத்தியவர். தம்பியைக் காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் படிக்க அனுப்பினார். அந்தப் படிப்பு நிலைக்கவில்லை. பின்னர் ஒருநாள் அண்ணனுக்கு உடல்நலம் குன்றியபோது, சோமு செட்டியார் வீட்டில் அவருக்குப் பதிலாகப் பெரியபுராணம் சொல்ல உட்கார்ந்த இளையவரைக் கேட்டு அவை வியந்தது என்பர் வரலாறு எழுதியோர். ஓதாது உணர்ந்தவர் என்று அடியார்கள் கொண்டாடுவது இதனால்தான். நானும் அவ்வாறே நம்புகிறேன். அந்த அருள் நூல்களின் வழியாகவே அவருக்குள் இறங்கியது என்பதும் என் நம்பிக்கை.

பெரியபுராணமே வாசிப்பில் பிறந்த நூல். சோழ மன்னன் சீவக சிந்தாமணியில் ஆழ்ந்திருக்கக் கண்டு கவலையுற்ற சேக்கிழார், அவன் படிப்பைச் சிவனடியார் வரலாற்றின் பக்கம் திருப்பினார் என்கிறது சேக்கிழார் புராணம். சுந்தரர் பதினொரு பாடல்களில் அடியார் பெயர்களை நிரல்படப் பாடினார். நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் கையில் அது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக வளர்ந்தது. ஒருவர் படித்ததுதான் அடுத்தவரின் படைப்பு. இந்த வரிசையில் அடிகளையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

1854-இல் 'மனுமுறைகண்ட வாசகம்' வெளிவந்தது. அப்போது அடிகளுக்கு வயது முப்பதை ஒட்டி. திருவாரூரில் தேர்க்காலில் மடிந்த கன்றின் கதைதான். புதிய கதை அன்று. கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரைச் சொல்லும்போது இதையும் சொல்கிறாள். இலங்கையின் மகாவம்சம் இதே கதையை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. சேக்கிழார் திருநகரச் சிறப்பில் இதைப் பாடியிருக்கிறார். அங்கிருந்து எடுத்துக்கொண்ட அடிகள் செய்யுளை விட்டு உரைநடைக்கு வந்தார். புராணம் கேட்கும் பாமரருக்கும் எட்டட்டும் என்ற கருணையே காரணமாக இருக்க வேண்டும்.

நூலின் நடுவே அரசன் புலம்புகிறான். இந்தப் பழி எனக்கு வர முன்பு நான் என்ன பாவம் செய்தேன் என்று தன்னையே கேட்கிறான். கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறான். எல்லாமே ஓகாரத்தில் முடிகின்றன. பசியோடு வந்தவரைக் கவனியாமல் விட்டதும், கேட்டவருக்குக் கைவிரித்ததும், ஊர் குடிக்கும் குளத்தை மூடியதும், நிழல் தரும் மரத்தை வெட்டியதும் அந்த அடுக்கில் வருகின்றன. இது சேக்கிழாரிடம் இல்லை. சேக்கிழாரின் சோழன் முறை செய்யும் அரசன். அடிகளின் சோழன் அதோடு தன் நெஞ்சைத் தானே விசாரிக்கும் மனிதனும் ஆகிறான். மூலநூல் நின்ற இடத்தில் வாசகர் நிற்கவில்லை. கதைக்குள் புகுந்து அரசனுடைய நெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

இது நடந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியது. பசித்தவரைக் கவனியாமை பாவம் என்று எழுதிய கைதான் அங்கே அடுப்பை மூட்டியது.

பதிப்பாசிரியராகவும் அவர் படித்தார். 1851-இல் ஒழிவிலொடுக்கம், 1855-இல் தொண்டமண்டல சதகம், 1857-இல் சின்மய தீபிகை ஆகியவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார். இவற்றில் 'தொண்டமண்டலம்' என்பதா 'தொண்டைமண்டலம்' என்பதா என்ற ஓரெழுத்து வழக்குக்காக அவர் எழுதிய இலக்கண விளக்கத்தைத் தமிழாசிரியர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். 'உலகெலாம்' என்ற ஒரே தொடருக்கு எழுதிய விளக்கமும் அத்தகையதே.

திருவாசகத்தை அவர் எப்படிப் படித்தார் என்பதற்குச் சான்று அவர் பாடிய 'ஆளுடைய அடிகள் அருண்மாலை'. அதில் 'கலந்து பாடுதல்' என்ற பொருள்படப் பேசுகிறார். பாடுகிறவர் தனியாக, பாட்டு தனியாக நிற்கக் கூடாது என்பது கருத்து. என் போன்றோர் உரைநூல்களைப் புரட்டிச் சேர்த்த அறிவெல்லாம் அந்தக் கலப்புக்கு முன் சிறிது.

1873-இல் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், வேதாகம புராண இதிகாசங்களில் இலட்சியம் வைக்க வேண்டாம் என்றார் அடிகள். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதை முதலில் படித்தபோது நெஞ்சு கலங்கியது உண்மை. அதே உரையில், முன்பு சைவத்தில் தாம் கொண்ட பற்றுக்கு அளவில்லை என்றும் கூறுகிறார். முற்றும் கற்றுத் தோய்ந்தவர் சொன்ன சொல் அது. ஒரு பதிகமும் ஓதாமல் அதைச் சாக்காகக் காட்டுவோருக்கு அந்த உரிமை இல்லை.

ஆண்டுதோறும் நம் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் பெற்றோர் மனுமுறைகண்ட வாசகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். மெலிந்த நூல்தான். கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் அந்தப் புலம்பலை வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். ஒரு மாணவன் எழுந்து, "ராஜா இவ்வளவு பாவமா செஞ்சாரு ஐயா?" என்று கேட்டான். "செய்தோமா என்று தேடிப் பார்க்கிறார், தம்பி" என்றேன். மறுநாள் அந்தக் கேள்விகள் முழுவதையும் கையால் எழுதிக்கொண்டு வந்தான். அடியில் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தான். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தினமும் வாசலுக்கு வரும் நாய்க்குச் சோறு வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லாமல் போய்விட்டானாம்.