ஐம்பது மைலுக்குள்

சைதாப்பேட்டை வாடகை வீட்டிலிருந்து செங்கல்பட்டில் சொந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு மறைமலை நகரில் வேலை. இருபது நிமிடத்தில் போய்விடுவார். நான் பாடம் நடத்தும் கல்லூரி சென்னையில். வாசலிலிருந்து வகுப்பறை வரை எனக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீடு தேடிய நாள்களில் சதுர அடிக் கணக்கைத்தான் போட்டோம். இந்த நான்கு மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. மருந்தில் அடங்கி, மறுபடியும் வந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார் மருத்துவர். அன்று மாலை என் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்த அத்தை, பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"காலைல நான் ரொப்பிக் குடுத்தது அப்படியே இருக்கே. வழியில குடிக்கவே மாட்டியாம்மா?"

எங்கள் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. லேடீஸ் பெட்டியில் என்னோடு வரும் பலரும் இறங்கும்வரை பாட்டிலைத் திறப்பதில்லை. அத்தை கேட்கும்வரை எனக்கு அது ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது.

அந்த லேடீஸ் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 64ஆம் பிரிவு: 1891 ஜனவரி 1 முதல், பயணிகள் செல்லும் ஒவ்வொரு ரயிலிலும் கடைசி வகுப்பில் ஒரு தனிப்பகுதியாவது பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும். அதே பிரிவில் இன்னொரு விதியும் உண்டு. ரயில் ஐம்பது மைலுக்கு மேல் ஓடினால், அப்படி ஒதுக்கிய பகுதி ஒன்றில் கழிப்பறை இருக்க வேண்டும். ஐம்பது மைல் என்பது சுமார் 80 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் 60 கிலோமீட்டர்தான்.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தத் தூரம் சுமார் 30 கிலோமீட்டர். பின்னாளில் வண்டி செங்கல்பட்டுவரை நீண்டது. நகரத்தில் வீடு வாங்க முடியாத குடும்பங்களும் அதே தண்டவாளத்தை ஒட்டித் தெற்கே நகர்ந்தன. பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 58ஆம் பிரிவில் பெண்களுக்கான இட ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டது. கழிப்பறை பற்றிய விதி அந்தப் பிரிவில் இல்லை.

அதே 1989இல்தான் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. நான் அப்போது பள்ளிச் சிறுமி. அந்தப் பங்கை விற்ற பணம்தான் எங்கள் வீட்டுக்கு முன்பணம். பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது கூடியதும் இதே செங்கல்பட்டில்தான். அந்த இரண்டு உரிமைகளும் இன்று என் கையில் இருக்கின்றன. வீடு இந்த ஊரில், வேலை அந்த ஊரில். நடுவில் இருக்கும் தூரத்தை என் உடம்பு கடந்துகொண்டிருக்கிறது.

சட்டம் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அளந்தது. என் நாள் விடிகாலை நாலரைக்கு அடுப்படியில் தொடங்கி, நிலையத்துக்கு ஓடுவதில் முடிந்து, அதன் பிறகே பயணம் தொடங்கியது. இதைக் கணவரிடம் சொல்ல எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. "நீ சொல்லவே இல்லையே" என்றார். நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று சண்டை போட்டேன். அதன் பிறகு காலைச் சமையலும் மகளின் டிபன் பாக்ஸும் அவர் பொறுப்பாயின. மிச்சமான நேரத்தில் ஒரு வண்டி முன்னதாக ஏறுகிறேன். தாம்பரத்தில் இறங்கிக் கழிப்பறைக்குப் போய்விட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கிறேன். வழியில் தண்ணீர் குடிக்கிறேன்.

இது என் வீட்டுக்குக் கிடைத்த தீர்வு மட்டும்தான். வேலைக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் சம்பளம் பிடிக்கப்படும் பெண்கள் அதே பெட்டியில் இன்றும் பாட்டிலை மூடியே வைத்திருக்கிறார்கள். அவர்கள் இடையில் இறங்க முடியாது. கழிப்பறை வண்டியிலேயே இருக்க வேண்டும். வரலாறு எழுத விரும்பும் மாணவிகளிடம் நான் இப்போது ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் அம்மாவும் சித்தியும் வேலைக்குப் போகும் வழியில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அதையும் எழுதி வையுங்கள்.