உத்தியோகமும் எழுத்தும்: தொடக்ககாலத் தமிழ் நாவலாசிரியர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசர், சமீன்தார், மடாதிபதி ஆகியோரின் ஆதரவு மெல்லத் தேய்ந்து, அச்சுநூலை விலைகொடுத்து வாங்கும் வாசகர் கூட்டமோ இன்னும் திரளாதிருந்த இடைக்காலத்தில், தமிழில் புதிய இலக்கிய வடிவங்களை முயன்றவர்களுட் பலர் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்களாகவே இருந்தனர். உத்தியோகம் அவர்களுக்குச் சோற்றுக் கவலையைத் தீர்த்தது. அதற்கு ஈடாக, நீண்ட படைப்புக்கு வேண்டிய தொடர்ச்சியான பொழுதை எடுத்துக்கொண்டது. இந்தக் கொடுக்கல் வாங்கலின் தடயத்தை அவர்களது நூல்களின் கால வரிசையிலேயே காணலாம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பின்னர் முன்சீப், அதாவது சிறு உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி, என்னும் பதவிக்கு உயர்ந்தார். அவர் பணியில் இருந்தபோது வெளிவந்தவை, தனித்தனிச் செய்யுள்களாகப் புனையத்தக்க ‘நீதிநூல்’ (1859), மேல்நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கமாகிய ‘சித்தாந்த சங்கிரகம்’ (1862) போன்றவை. தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல், அவர் பதவியிலிருந்து விலகிய பிறகே அச்சேறியது. செய்யுளை வழக்குகளுக்கு இடையே கிடைக்கும் சிறு ஓய்வில் இயற்றிவிட முடியும்; கதைமாந்தர் பலரை நெடுந்தூரம் நடத்திச் செல்லும் உரைநடைக்கு ஓய்வுக்காலம் வரை காத்திருக்க நேர்ந்தது போலும். எனினும் அந்த உரைநடைக்கு நீதிமன்றம் முற்றிலும் அயலானதன்று; சட்டத்தின் சிக்கலான வாசகங்களைத் தெளிந்த தமிழாக்கிப் பழகிய கையே பின்னர் கதை எழுதியது.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையின் நிலை சற்று வேறானது. கற்பித்தலும் கற்றலும் ஒன்றையொன்று ஊட்டும் தொழிலில் இருந்தமையால், பணிக்காலத்திலேயே ‘மனோன்மணீயம்’ (1891) என்னும் செய்யுள் நாடகத்தை அவரால் முடிக்க இயன்றது.

இவ்விருவரையும்விட இழுபறிக்கு மிகுதியாக ஆளானவர் அ. மாதவையா (1872–1925). சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் அவர் சேர்ந்தது, உப்பு வரியையும், ‘அப்காரி’ எனப்பட்ட மது வகைகளின் மீதான தீர்வையையும் கவனித்த அரசுத் துறை. 1892இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் அவர் தொடங்கிய ‘சாவித்திரி சரித்திரம்’ இடையில் நின்று, பதினோர் ஆண்டுகள் கழித்து, 1903இல், ‘முத்துமீனாட்சி’ என்னும் நூலாக உருப்பெற்றது. ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலின் முதற்பாகம் 1898இலும் இரண்டாம் பாகம் அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. மூன்றாம் பாகமோ கால் நூற்றாண்டு காத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சும்மா இருந்தாரல்லர். ‘கிளாரிந்தா’ (1915) உள்ளிட்ட ஆங்கில நாவல்களைப் பணியில் இருந்தபடியே எழுதினார். ஆகவே உத்தியோகம் எழுத்தைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. எதை முதலில் முடிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்னும் தெரிவை அது ஓயாமல் வற்புறுத்தியது என்பதே பொருந்தும்.

மாதவையா 1922இல் விருப்ப ஓய்வு பெற்று, 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் மாத இதழைத் தொடங்கி, பத்மாவதியின் மூன்றாம் பாகத்தை அதில் தொடராக வெளியிடலானார். சம்பளத்தின் காப்பைத் துறந்து பெற்ற அந்த முழுநேர எழுத்து வாழ்வு மூன்றாண்டுகளே நீடித்தது. 1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், இளங்கலைப் பாடத்திட்டத்தில் தமிழைக் கட்டாயமாக்க வேண்டுமென்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர்நீத்தார். ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமலேயே நின்றுவிட்டது.